சாப்பிட்ட மீன்

12 ஜூன் 2025, வியாழன்

இருபத்தொரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

இன்று மதிய இடைவேளையில் வாட்ஸப்பில் சகாய சுரேஷின் செய்தி. பழைய ஆய்வு மாணவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு குழு உண்டாக்கியிருக்கிறான். என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்துவிட்டான். பேராசிரியர் கஸ்தூரிக்கு எழுபது வயது நிறைகிறதாம். ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. ஒரு மலர் போடுகிறார்கள். "மேடத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம், ஜூலை ஐந்துக்குள்." கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக.

ஆளுக்கு ஒரு பக்கம். என் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

எழுதுகிறேன். 2004 மார்ச்சில் அந்த அறையில் நடந்ததை எழுதுகிறேன். யாரும் கண்டிராத ஒன்றை ஒருவன் பாகூர்ப் பக்கத்து விராலில் கண்டுபிடித்ததை, அவனுடைய கைடு கையெழுத்துப் போட மறுத்ததை, அவன் பிஎச்டி இல்லாமல் வெளியே வந்து இன்றுவரை ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருப்பதை. கீழே அரிகரன் என்று முழுப் பெயர், மூலக்குளம் முகவரி, எல்லாம். அச்சிடட்டும், பார்ப்போம்.


13 ஜூன், வெள்ளி

மஞ்சுளாவிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"கல்யாணம் ஆன நாளா நீங்க அந்தம்மாகூடதான் குடித்தனம் பண்றீங்க. நான் இந்த வூட்ல வாடகைக்கு இருக்கேன்."

தோசை நன்றாக இருந்தது.


15 ஜூன், ஞாயிறு

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். ஆய்வகக் குறிப்பேடுகள் மூன்று. ஒன்றைக் கரையான் தின்றிருக்கிறது. நல்லவேளை, எனக்கு வேண்டியது தப்பித்தது.

மலரைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவரவர் பெண்டாட்டி பிள்ளைகள். எவருக்கும் புரியும்படி எழுத வேண்டும். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

குடலிலும் கணையத்திலும் மூளையிலும் வேலை செய்கிற சில ஹார்மோன்கள் ஒரே குடும்பம். குளுக்ககான் ஒன்று, செக்ரிட்டின் ஒன்று, இப்படிப் பத்துப் பேர் அளவில். எல்லாம் குட்டிச் சங்கிலிகள். கோத்திருக்கும் மணிகள் அமினோ அமிலங்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதி வைத்துப் பார்த்தால் சாயல் தெரியும், ஒரே வீட்டுப் பிள்ளைகளின் மூக்கைப் போல. அப்படியானால் ஆதியில் ஒரே ஒரு மரபணுதான் இருந்திருக்க வேண்டும். அது என்றோ இரண்டு பிரதியாயிற்று. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டது. மற்றதற்குக் கட்டுப்பாடு இல்லை. எழுத்து பிசகிப் பிசகி வேறு வேலை கற்றுக்கொண்டது. பிறகு அதுவும் இரண்டாயிற்று. முதுகெலும்புள்ள பிராணிகளின் தொடக்கத்தில் மரபணுத் தொகுதி மொத்தமுமே இரண்டு தடவை இரட்டித்தது என்று சொல்கிறார்கள். சில பிரதிகள் தங்கின, சில தொலைந்தன. எந்தப் பிராணியிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துக்கொண்டே போனால் குடும்ப மரம் தானாக முளைக்கும்.

(இதை எழுதும்போது கை வேகமாக ஓடுகிறது. வகுப்பில்கூட இப்படிச் சொன்னதில்லை.)

இதில் செக்ரிட்டினுக்குத் தனிப் பெருமை. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் ஹார்மோன் என்ற சொல்லே வந்தது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு குடலுக்கு இறங்கியதும், சாறு விடச் சொல்லிக் கணையத்துக்குப் போகிற தூது அது. மனிதனுக்கு உண்டு. பன்றிக்கு உண்டு. கோழிக்கு உண்டு. கெண்டை, விரால் மாதிரி மீன்களில் யாரும் அதைக் கண்டதில்லை.

நான் கண்டேன். 2003 நவம்பர், குருவிநத்தத்து வளர்ப்புக் குளத்திலிருந்து உயிரோடு கொண்டுவந்த விரால். குடலை எடுத்து அரைத்து அதிலிருந்து மரபணுத் துண்டைப் பெருக்கினேன். 412 எழுத்து. அதற்குள்ளே 27 மணிகள் கொண்ட அந்தச் சங்கிலிக்கான கட்டளை. கோழியின் சங்கிலி எத்தனையோ வருடம் முன்பே தெரிந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்தேழும் ஒன்று. நாற்பது கோடி வருடத்துக்கு மேல் பிரிந்திருந்தும் ஒரு மணிகூட மாறவில்லை! அன்று குறிப்பேட்டில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. அது மேடத்தினுடையது.

அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பன்றிக்கும் கோழிக்கும் நடுவுலயே கிட்டத்தட்ட பாதி மாறியிருக்கு, அரிகரன். அதைவிடத் தூரத்துச் சொந்தம் விரால். அதுக்கும் கோழிக்கும் ஒண்ணுகூட மாறலையா? அந்த மரபணு மீனோடதுன்னா அது உடம்பு முழுக்க இருக்கணும். அதே மீனோட கல்லீரல்ல டிஎன்ஏ எடுத்துப் பாருங்க. ரெண்டு நாள் வேலை. அங்கயும் வந்தா நான் கையெழுத்துப் போடுறேன்."

நான் சும்மா விடவில்லை. கோழி மூளையில் முதலில் கண்டெடுத்த இன்னொரு ஹார்மோன் சுறாவரைக்கும் எழுத்து மாறாமல் இருக்கிறதே, அதை மட்டும் எப்படி ஒப்புக்கொள்கிறீர்கள் என்றேன்.

"அது பல பேர், பல மீன்ல, பல தடவை பாத்தது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு.

அதற்கு முந்தின மாதம்தான் சுரேஷ் அதே ஆய்வகத்தில் கோழிக் குடல் ஹார்மோன்களில் வேலையைத் தொடங்கியிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. என்னை இழுத்தடித்து அவன் கையில் கொடுக்கப் போகிறார்! எழுந்து வந்தேன். ஏப்ரலில் அந்த 412 எழுத்தை என் சொந்தப் பெயரில், விராலின் செக்ரிட்டின் என்று, பொதுத் தரவுத்தளத்தில் பதிந்தேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்றும் இருக்கிறது.


17 ஜூன், செவ்வாய்

பன்றி, கோழி இரண்டையும் தாளில் எழுதி எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்டப் பாதிதான். அதனால் என்ன?


19 ஜூன், வியாழன்

மலர்க் கட்டுரை நான்கு பக்கம் ஆகிவிட்டது. ஆதாரம் வேண்டும். "இவன் சொல்கிறான்" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஆதாரம் இருக்கிறது. ஆறு வருடம் முன்பு ஒரு நாள் என் பதிவு எண்ணைத் தேடியபோது, ஐரோப்பாவில் மூன்று பேர் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. முதுகெலும்பிகளில் இந்தக் குடும்பத்தின் பரிணாமம் என்பது அதன் பொருள். அவர்களுடைய பட்டியலில் என் எண்! அப்போது பள்ளியில் தேர்வு நேரம், முழுவதும் படிக்கவில்லை. எண்ணைப் பார்த்ததே போதுமாக இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆறு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். கஸ்தூரி ஒதுக்கினார், ஐரோப்பா எடுத்துக்கொண்டது.

கட்டுரை இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. நாளை பள்ளியில் அச்சிட்டு எடுத்து வருகிறேன்.


20 ஜூன், வெள்ளி

என் எண் பட்டியலில் இருக்கிறது. சரி.

அது எட்டாவது பட்டியல். தலைப்பு: தவிர்க்கப்பட்டவை. என் எண்ணுக்கு நேரே காரணம்: "கோழிக் கலப்படமாக இருக்கலாம்."

எவன்டா நீங்க? என் குளத்தப் பாத்தீங்களா? என் மீனப் பாத்தீங்களா?


21 ஜூன், சனி

காலையில் காப்பி குடிக்காமல் உட்கார்ந்தேன். தவறு என்று காட்டி அவர்களுக்கு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

2004 ஏப்ரலில் நான் கடைசியாகத் தேடியபோது கோழியின் மரபணுத் தொகுதி வரைவாக வெளிவந்து ஒரு மாதம்தான், எனக்குத் தெரியாது. அந்த வருடக் கடைசியில்தான் கட்டுரையாக வந்தது. 27 மணிகளை ஒப்பிட முடிந்தது. சுற்றியிருக்கிற மீதி எழுத்துகளை ஒப்பிட என்னிடம் எதுவும் இல்லை. மணிகள் மாறாமல் இருக்கலாம், அவற்றுக்கு வேலை இருக்கிறது. சுற்றியிருப்பவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை மாறியே தீரும். விராலுக்கு ஒரு மாதிரி, கோழிக்கு ஒரு மாதிரி. ஆகவே அந்த மீதியைப் பார்த்தால் போதும். சின்னச் சோதனை. இருபத்தொரு வருடத்தில் எந்த நாளும் செய்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை?

குறிப்பேட்டைப் பார்த்து 412 எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தேன். தரவுத்தளத்திலிருந்தே எடுத்திருக்கலாம், என் கையால் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. தேடு என்றேன். மின்விசிறி ஒரு சுற்று சுற்றுவதற்குள் பதில் வந்துவிட்டது.

காலஸ் காலஸ். 412-இல் 411.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். வீட்டுக் கோழி.

அந்த ஒற்றை எழுத்தும் கருவி தவறாக வாசித்தது. குறிப்பேட்டில் அந்த இடத்தில் நானே பென்சிலால் வட்டம் போட்டு "தெளிவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

மஞ்சுளா காப்பியை வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, கோழி?" என்றாள். "ஆமாம், கோழி" என்றேன். ஏன் என் முகம் அப்படி இருக்கிறது என்று கேட்டாள். எப்படி இருந்தது?


22 ஜூன், ஞாயிறு

இரவெல்லாம் ஒரே கேள்வி. இந்தக் கோழி எங்கிருந்து வந்தது?

அந்த ஆய்வகத்தில் கோழியைத் தொட்டவன் ஒருவன்தான். காலை எட்டு மணிக்கே சுரேஷைக் கூப்பிட்டேன். அவன் வில்லியனூர் மாதா கோயில் பூசையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தான்.

"டேய் அரி! எத்தினி வருஷம் ஆச்சுடா உன் கொரல கேட்டு. கட்டுரை எழுதிட்டியா?"

நேரே கேட்டேன். என் ட்யூபில் உன் கோழியை நீயாகக் கலந்தாயா, கைதவறிக் கலந்ததா?

பின்னால் கோயில் மணி அடித்தது.

"உன் சாம்பிள் தேதி இன்னா?"

"2003 நவம்பர் பதினெட்டு."

"நான் கோழியத் தொட்டது அடுத்த வருஷம் பிப்ரவரி. அதுவர அந்த லேப்ல முட்டகூட கெடயாது. என் கோழி மூணு மாசம் பின்னால பறந்து போயி உன் ட்யூபுல உக்காந்துச்சாடா?" குரல் மாறிவிட்டது. "இருவது வருஷம் கழிச்சி போன் பண்றான், இதக் கேக்கறதுக்கு. வெய்யிடா."

வைத்துவிட்டான். குறிப்பேட்டைப் பார்த்தேன். பிப்ரவரி 9 அன்று என் கையெழுத்திலேயே இருக்கிறது: "சுரேஷ் முதல் கோழி கொண்டுவந்தான். ஆய்வகம் முழுக்க இறகு."

அவன் இல்லை. அவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.


24 ஜூன், செவ்வாய்

நவம்பர் 18-இன் பக்கம் முழுவதும் படித்தேன். மீனின் நீளம், எடை, தண்ணீரின் சூடு, பிடித்த நேரம், அறுத்த நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. 'இரை' என்ற இடத்தில் இரண்டே சொல்: பண்ணைத் தீனி.


26 ஜூன், வியாழன்

பள்ளியிலிருந்து வரும்போது மூலக்குளம் சந்திப்பில் போக்குவரத்து நின்றுவிட்டது. எனக்கு முன்னால் ஒரு சின்ன டெம்போ. பின்னால் நான்கு நீல டிரம்கள், மேலே சாக்கு. வண்டி குலுங்கியபோது ஒரு டிரம்மிலிருந்து என்னவோ வழிந்து தார்ச்சாலையில் சொட்டியது. பக்கத்து ஸ்கூட்டர்க்காரர், பின்னால் உட்கார்ந்து துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்ட பெண்ணிடம் சொன்னார்: "கறிக்கடை கோழிக் குடலு. மீன் பண்ணைக்குப் போவுது."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹார்ன். நான் நகரவில்லை.

இப்படி ஒரு வண்டியில் நான் போயிருக்கிறேன்.

ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஐந்தாறு மாதம். அப்போது மூலக்குளத்தில்தான் அறை எடுத்திருந்தேன். குருவிநத்தத்துக்குச் சரியான நேரத்தில் பஸ் கிடையாது. விடியற்காலையில் கறிக்கடைகளில் டிரம்களை ஏற்றிக்கொண்டு பாஸ்கல் என்பவர் மூன்று சக்கர டெம்போவில் வில்லியனூர் வழியாக அங்கேதான் போவார். முன்னால் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவேன். பாஸ்கல் கிண்டல் செய்வார்: "மூக்க மூடாத சார். இந்த நாத்தம்தான் மீனுக்குச் சோறு, உனக்குப் படிப்பு."

சொல்லியிருக்கிறார். வாயால் சொல்லியிருக்கிறார்! நான் சிரித்திருக்கிறேன். அப்புறம் இறங்கிப் போய்ப் 'பண்ணைத் தீனி' என்று எழுதியிருக்கிறேன். டிரம்முக்கும் எனக்கும் நடுவே ஒரு தகரம்தான்.


28 ஜூன், சனி

குருவிநத்தம் போய் வந்தேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு ஆசையாக நான் எதையும் தேடிப் போய் வெகுகாலம் ஆயிற்று. பைக்கில் போகும்போது அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. என் குழியை நானே எட்டிப் பார்க்கப் போகிறவனுக்கு இவ்வளவு அவசரமா?

குளம் வைத்திருந்த மணவாளன் இறந்து ஆறு வருடம். இப்போது அந்த இடத்தில் பாதி கரும்பு. ஒரு குளம் மட்டும் மிச்சம், அதிலும் கெண்டைதான். அவர் மனைவி தையலம்மாள் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்று யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை இறக்கினார்.

"யாரு... அட, சாப்ட மீனு சாரு!"

எனக்குப் புரியவில்லை.

"வூட்டுக்காரரு உனக்கு வெச்ச பேரு சார் அது. வர்றவன்லாம் பெரிய மீனு கேப்பான், உயிர் மீனு கேப்பான். நீ ஒருத்தன்தான் வந்து, பட்டினி மீனு வேணாம், இப்பதான் சாப்ட மீனா குடுன்னு நின்ன. நீ அந்தாண்ட போனதும் இவரு இந்தாண்ட வுழுந்து வுழுந்து சிரிப்பாரு."

ஆமாம், கேட்டேன். உணவு குடலுக்கு இறங்கினால்தானே அந்த ஹார்மோன் சுரக்கும்? பட்டினி மீனில் தேடி என்ன பயன்? என் யோசனை. கைடிடம்கூடக் கேட்காமல் நானே யோசித்து, பெருமைப்பட்ட யோசனை.

"அப்ப இன்னா போட்டீங்க மீனுக்கு?"

"இன்னா போடுவாங்க? கோழிக் குடலுதான். பாஸ்கல் கொண்டாந்து எறக்குவான். கரையில ஒரே மூலையில கொட்டுனா அல்லாம் திமிறிக்கினு மேல வரும். ரெண்டு வாய் துன்ன வுட்டுட்டு அப்ப வலைய வீசுவாரு. சும்மா கொளத்துல எறங்கி வெரால புடிச்சிடுவியா நீ? சேத்துக்குள்ள பூந்துக்கும்."

"எப்பவுமே அப்படித்தானா?"

"எப்பவுமேதான். நீ வர்ற அன்னிக்கு மட்டும் ஒரு கூடை சேத்துக் கொட்டுவாரு. படிக்கிற புள்ள, வயிறு ரொம்புன மீனா எடுத்துக்கினு போவட்டும்னு."

கோழி தின்னாத ஒரு மீன்கூட அந்தக் குளத்திலிருந்து என் கைக்கு வந்திருக்க முடியாது. தின்றால்தான் மேலே வரும், வந்தால்தான் வலை. நான் அரைத்தது விராலின் குடலை மட்டுமல்ல. குடலுக்குள் இருந்த குடலையும்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கிளம்பும்போது கேட்டார்.

"ஆமா சார், அந்தப் படிப்பு... பாஸ் ஆயிட்டியா?"

"இல்லம்மா."

"அய்யோ. மீனு சரியில்லியா?"

"மீனு நல்லாத்தான் இருந்துச்சு."


29 ஜூன், ஞாயிறு

சுரேஷுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். டிரம், வலை, சாப்பிட்ட மீன் எல்லாம். கடைசியில் "மன்னித்துக்கொள்" என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன்.

ஐந்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டான். முதலில் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, "சாப்ட மீனு சாரா! டேய், இத மலர்ல போடணும்டா" என்றான். பிறகு குரலை இறக்கிக்கொண்டான்.

"உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன். நீ போனப்புறம் ஃப்ரீசர்ல நீ வெச்சிருந்த கல்லீரல எடுத்து மேடம் என்னத்தான் பண்ணச் சொன்னாங்க. உன் மீனுதான், அதே நம்பர். மூணு தடவ பண்ணேன். ஒண்ணும் வரல. உடனே உனக்கு லெட்டர் போட்டாங்களே? இது தப்பு இல்ல, அடுத்த வேல, வந்து முடிங்க, உங்க எடம் காலியாத்தான் இருக்குன்னு எழுதனாங்க. நான்தான் தபால் பெட்டியில போட்டேன். ஆறு மாசம் உன் எடத்துல யாரையும் சேக்கல. நீ பதிலே போடல."

கடிதம் வந்தது. 2004 ஜூன் மாதம். அபிஷேகப்பாக்கத்தில் அப்பா வீட்டில் இருந்தேன். நீலக் கோடு போட்ட உறை. 'அனுப்புநர்' என்ற இடத்தில் அவர் பெயர். அதைப் பார்த்ததுமே நான்காகக் கிழித்து வாய்க்காலில் போட்டேன். பிரிக்கவே இல்லை. மன்னிப்பு கேட்டு எழுதியிருப்பார், கேட்கட்டும், கிடந்து தவிக்கட்டும் என்று நினைத்தேன். துண்டுகள் மடை வரைக்கும் மிதந்து போனதை நின்று பார்த்தேன். அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. தரவுத்தளத்தில் என் பெயரோடு கிடக்கிற தவறைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான் என்றா எழுதினேன், முதல் பக்கத்தில்?


1 ஜூலை, செவ்வாய்

மரத்தைத் திருத்தி வரைந்தேன். குளுக்ககான் கிளை, அதன் பக்கத்துக் கிளைகள், செக்ரிட்டின். செக்ரிட்டின் கிளையில் மனிதன், பன்றி, கோழி. விராலை அங்கிருந்து எடுத்தாயிற்று.

எடுத்த பிறகு ஒரு கேள்வி. விரால் ஒரு கோழிக் குடலை முழுசாக விழுங்குகிறது. யாரோ அதன் கணையத்துக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்? செக்ரிட்டின் இல்லையென்றால் அந்த வேலையைப் பார்ப்பது யார்? பக்கத்துக் கிளைக்காரர் யாராவதா? விராலின் மரபணுத் தொகுதியே இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. குடும்பத்தில் அங்கே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் எழுதத் தொடங்கினேன். மஞ்சுளா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாளாம். கேட்கவில்லை.

"இன்னிக்கு அந்தம்மாவா, மீனா?" என்றாள்.

"மீன்" என்றேன்.

"பரவால்ல. அப்ப ஒரு வாய் துன்னுட்டுப் போங்க."


4 ஜூலை, வெள்ளி

மலருக்கு எழுதிய நான்கு பக்கத்தையும் அழித்தேன். திரும்பப் படிக்கவில்லை.

தரவுத்தளத்துக்கு மின்னஞ்சல் போய்விட்டது. என் பதிவை நீக்கிவிடுங்கள், அது விரால் அல்ல, விரால் தின்ற கோழி என்று, காரணங்களோடு. அதன் கீழே முழுப் பெயர் போட்டேன். தவறைக் கொடுத்தவன்தான் திரும்பக் கேட்க வேண்டும். அங்கே பெயரில்லாமல் முடியாது. கூடாது.

மேடத்துக்கு ஒரே ஒரு தாள். மேலே மரம். விரால் இருந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி, அவர் போட்ட மாதிரியே. அதற்குக் கீழே நடந்தது: மீனைப் பிடிப்பதற்கு முன் அதற்குக் கோழிக் குடல் போடுகிறார்கள் என்பது, சாப்பிட்ட மீன்தான் வேண்டும் என்று கேட்டவன் நானே என்பது, கல்லீரல், இரண்டு நாள் வேலை, இருபத்தொரு வருடம் ஆயிற்று என்பது. ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் கிழித்தேன் என்பதும். கடைசியில் விராலின் கணையத்துக்கு யார் சொல்கிறார்கள் என்ற கேள்வி. எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். அவர்கள் பெயரையும் எழுதியிருக்கிறேன். அவர் என்ன நினைப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உறையின் மேல் விலாசம் எழுதினேன். 'அனுப்புநர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

மஞ்சுளா பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு போடலியா? பயமா?"

பயமும்தான். ஆனால் வேறொன்றும் இருக்கிறது. வேண்டாதவன் பெயர் உறையின் மேலேயே தெரிந்தால் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் கை செய்திருக்கிறது. பெயர் இல்லாத உறையை யாரும் பிரித்துத்தான் பார்ப்பார்கள். பிரித்துவிட்டால் போதும். முதல் வரியிலேயே இது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் கிழிப்பதும் வைத்துக்கொள்வதும் அவர் விருப்பம்.

தாளிலும் பெயர் இல்லை, உறையிலும் இல்லை. ஒட்டிவிட்டேன். நாளைக் காலை வில்லியனூர் தபால் நிலையத்தில் போடுகிறேன்.